பத்து என்று கையெழுத்திட்டவர்

ஹபீப் ரஹ்மான் போய்விட்ட செய்தியை எனக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. சிதம்பரம் தந்தி அலுவலகத்தில், காலை ஒன்பதரை மணிக்கு, மோர்ஸ் தட்டும் கருவியின் முன்னால் உட்கார்ந்து, காதால் கேட்டு என் கையாலேயே அதை எழுதினேன். கடலூர் கூப்பிட்டது, பதில் கொடுத்தேன். முகவரியாக என் பெயரே வந்தபோது பென்சில் ஒரு கணம் நின்றது. அடுத்து ஹபீப் என்ற பெயர் வந்தது. அதற்கடுத்த சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் ஈ, எக்ஸ், பி.

அந்த மூன்று எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் தந்திக்காரர்களுக்கு அதிகம் பழக்கமானவை இரண்டு. ஒன்றுக்கு ‘எதிர்பார்க்கவும்’ என்று பொருள். மற்றதற்கு ‘காலமானார்’ என்று பொருள். நான்காவது எழுத்தில்தான் இரண்டும் பிரிகின்றன: முதலாவதில் அது ஈ, மோர்ஸில் ஒரு புள்ளி; மற்றதில் ஐ, இரண்டு புள்ளி. ஒரு புள்ளி மட்டும் விழுந்தால் ஹபீப் என்னைப் பார்க்க வருகிறார். இரண்டு புள்ளி விழுந்தால் இனி வரமாட்டார். ஒரு புள்ளி விழுந்தது. நான் மூச்சை விடுவதற்குள் இன்னொன்றும் விழுந்தது.

மீதியை எழுதி முடித்து, கிடைத்ததற்கான குறியைத் தட்டினேன். மாரடைப்பு. சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் தள்ளாடி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று மாலைக்குள் அடக்கம் என்று இருந்தது. பத்தரை மணிப் பேருந்தில் கடலூருக்குப் புறப்பட்டேன்.

நம் தந்தி ஊழியர் சங்கத்து இதழுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள். ஆனாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

ஹபீபுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. அவர் வீட்டு ஆண்கள் எல்லோரும் பினாங்கு, ஈப்போ என்று கப்பலேறியவர்கள். அவர் மட்டும் போகவில்லை. அவருடைய தகப்பனார் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தவர். அதிலிருந்து ஹபீபுக்குத் தண்ணீரென்றால் நடுக்கம். கெடிலம் ஆற்றுப் பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போதுகூட ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார். தண்ணீர் மட்டும் என்றில்லை. பல்லி கத்தினால் எழுந்து நிற்பார். மேலதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டால் அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். அதனால்தான் நாம் அவருக்குப் ‘பயில்வான்’ என்று பெயர் வைத்தோம். அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். நான் மேல்பட்டாம்பாக்கத்து விவசாயக் குடும்பம்; வேலையில் அவரைவிட இரண்டு வருஷம் மூத்தவன். நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

சீனச் சண்டைக்கு மறு வருஷம் நம் கடலூர் அலுவலகத்துக்கு டெலிபிரிண்டர் வந்தது. அதுவரை காதால் கேட்டுக் கேட்டு எழுதியவர்களுக்குத் தானாக அச்சடிக்கும் இயந்திரம் பெரிய விடுதலையாகத் தோன்றியது. ஹபீப் மட்டும் சந்தோஷப்படவில்லை. செய்தி தாளில் அச்சாகும்போதே பக்கத்தில் ஒரு காகித நாடாவில் ஓட்டைகளாகவும் விழும். அவர் தாளை விட்டுவிட்டு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் அதை விரலால் தடவியே படிக்கப் பழகிவிட்டார்.

“எழுத்துன்னு உள்ள ஒண்ணுமே கெடையாது மச்சான். ஓட்டை இருக்கா இல்லையா, அவ்ளோதான். மொத்தம் அஞ்சு எடம். அதுல முப்பத்திரண்டு விதமாத்தான் குத்த முடியும். எழுத்தே இருபத்தாறு ஆச்சி. எண்ணு பத்து. எங்க காணும்?”

“காணாட்டி எப்படிச் சமாளிக்கிறான்?” என்றேன்.

“ஒரே ஓட்டைக்கு ரெண்டு பேரு வெச்சிருக்கான். அதான் எனக்குப் பயமா இருக்கு.”

இதை வீட்டிலிருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். விசைப்பலகையின் மேல்வரிசையில் பத்து எழுத்துகள். அவற்றுக்கும் பத்து எண்களுக்கும் ஒரே ஓட்டைகள்தான். க்யூ என்ற எழுத்தின் ஓட்டைகளே ஒன்று என்ற எண்ணுக்கும். பி என்ற எழுத்தின் ஓட்டைகளே பூஜ்யத்துக்கும். எதை அச்சடிப்பது என்று இயந்திரத்துக்குத் தெரிய, எண்ணுக்கு முன்னால் ‘இனி எண்’ என்று ஒரு குறி வரும். எண் முடிந்ததும் ‘இனி எழுத்து’ என்று இன்னொரு குறி வரும். எழுத்துக் குறிக்கு ஐந்து ஓட்டையும் உண்டு. எண் குறிக்கு நடு ஓட்டை மட்டும் கிடையாது. வித்தியாசம் அந்த ஒரே ஓட்டை. லைனில் ஒரு கரகரப்பு வந்து அது தானாக விழுந்துவிட்டால், அங்கே அனுப்பியவர் எண்ணைத்தான் அடித்திருப்பார். இங்கே நம் தாளில் எழுத்து அச்சாகும்.

“சரியா அடிச்சாலும் அதே சத்தம், தப்பா அடிச்சாலும் அதே சத்தம்” என்பார் ஹபீப். “மனுசனா இருந்தா கொரல்லயாவது தெரியும்.”

பெண்ணாடத்துத் தந்தி வரும்வரை இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பெண்ணாடத்தில் கரும்பு பயிரிடும் ஒரு குடும்பத்து மகன் சென்னையில் லாரி மோதி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான். கூட இருந்த நண்பன் வீட்டுக்குத் தந்தி கொடுத்தான்: ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, படுக்கை எண் நானூற்று எண்பது. வழியில் எங்கோ அந்த எண் குறி கெட்டுவிட்டது. நான்கு, எட்டு, பூஜ்யம் என்று அச்சாக வேண்டிய இடத்தில் ஆர், ஐ, பி என்ற மூன்று எழுத்துகள் அச்சாயின. வந்ததை வந்தபடி ஹபீப் பெண்ணாடத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே தந்தியைப் படித்துச் சொன்ன பள்ளிக்கூட வாத்தியார், இது வெள்ளைக்காரர்கள் கல்லறையில் பொறிக்கிற எழுத்து, பையன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவும் சித்தப்பாவும் கோடித் துணியோடு ரயிலேறினார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் கால் கட்டோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அந்தச் சேதி ஊர் திரும்ப மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை அது சாவு வீடாகவே இருந்திருக்கிறது.

புகார் வந்தபோது ஹபீப் நாடாவை எடுத்துப் பார்த்தார். அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெண்ணாடம் புறப்பட்டார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டார். பையனின் மனைவிக்குப் பத்தொன்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து துணி சுற்றியிருந்தது. மாமியார்தான் பேசினார்.

“கைய செவுத்துல அடிச்சிக்கிட்டா சார். நாங்க ஓடிப் புடிக்கிறதுக்குள்ள வளையெல்லாம் நொறுங்கி உள்ள ஏறிப்போச்சி. அவன் உசுரோட வந்துட்டான், அது போதும் எங்களுக்கு. யாரையும் ஒண்ணும் சொல்லல.”

அந்தப் பெண் ஹபீபைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். “இனிமே தந்தி வந்தா, நான் எத சார் நம்பறது?”

ஹபீப் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும்போது, ரயில் விருத்தாசலம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். “அந்த மூணு எழுத்தையும் நான் பாத்தேன் மச்சான். இது என்னடா படுக்கைக்கு அப்புறம் இப்படி வருதுன்னு ஒரு நிமிசம் தோணிச்சி. நமக்கு என்னன்னு தள்ளிவிட்டுட்டேன்.”

மறுநாள் மேல்வரிசைப் பத்து எழுத்துகளையும் அவற்றின் எண்களையும் ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் தலையில் ஒட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு தந்தியையும் இரண்டு முறை படித்தார். அந்தப் பத்து எழுத்துகள் மட்டும் சேர்ந்து ஒரு சொல் வந்தால் நிறுத்திவிட்டு நாடாவைத் தடவுவார். வேலை தேங்கியது. நீங்கள் முணுமுணுத்தீர்கள், நானும்தான்.

அடுத்த வருஷம் கார்த்திகை மாதம். பகல் நேரப் பொறுப்பு என்னுடையது. இரண்டு நாளாக மழை. காலையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், எந்தக் கூண்டை ஏற்றுவது என்று வானிலை அலுவலகத்திலிருந்து எண் தந்தியில் வரும், நாம் அதைத் துறைமுகத்துக்குச் சேர்ப்போம். மூன்று என்றால் எச்சரிக்கை. கவனமாக வேலை செய்யலாம். பத்து என்றால் பேராபத்து. அன்று கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நான்கு சரக்குப் படகுகள் அதற்கும் கரைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தன. அவற்றில் நாற்பது பேருக்குக் குறையாமல் ஆட்கள்.

மதியம் இரண்டு மணி இருக்கும். இயந்திரம் தட்டியது. பிறகு ஹபீபின் குரல்.

“மச்சான், செத்த இங்க வா.”

துறைமுகத்துக்கான தந்தி. எல்லாச் சொல்லும் சுத்தமாக அச்சாகியிருந்தது. கூண்டின் எண் வர வேண்டிய இடத்தில் மட்டும் க்யூ, பி என்று இரண்டு எழுத்து. இம்மாதிரித் தந்திகளில் எண்ணைக் கடைசியில் ஒருமுறை திருப்பி அனுப்புவார்கள். அது வருவதற்குள் லைன் செத்துவிட்டது.

“குப்பையா வந்திருக்கு. லைன் வந்ததும் மறுபடி கேப்போம்” என்றேன்.

“குப்பை இல்ல. க்யூ ஒண்ணு. பி பூஜ்யம். பத்து.”

“அது உன் ஊகம்.”

அவர் நாடாவை என் விரலில் வைத்துக் காட்டினார். “க்யூவுக்கு முன்னால பாரு. அஞ்சு ஓட்டை. எழுத்துலதானே வந்துக்கிட்டு இருந்தான்? மறுபடியும் எதுக்கு இனி எழுத்துன்னு சொல்றான்? அவன் எண்ணுன்னுதான் சொல்லியிருக்கான். நடு ஓட்டை தானா விழுந்திருக்கு.”

எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனாலும் சொன்னேன். “தப்பா அடிச்சத அழிக்கிறதுக்கும் அஞ்சு ஓட்டையத்தானே குத்துவாங்க? ஒருவேளை அவன் எதையோ அழிச்சிருந்தா?”

ஹபீபின் முகம் வெளுத்துவிட்டது. “ஆமா. அப்படியும் இருக்கலாம்” என்றார். நாடாவை மறுபடி ஒருமுறை தடவினார். பிறகு, “ஆனா ரெண்டு எழுத்து மச்சான். கூண்டுல ரெண்டு இலக்கம் பத்தும் பதினொண்ணும்தான். பதினொண்ணு, தகவலே அத்துப்போச்சின்னா தொறமொகத்துக்காரங்க அவுங்களா ஏத்திக்கிறது. அது தந்தியில வராது.”

“வந்தத வந்தபடி அனுப்புவோம். சந்தேகம்னு மேல எழுதிடுவோம். அதுதான் சட்டம்.”

“க்யூ பின்னா அவுங்களுக்கு என்ன வெளங்கும்? பெண்ணாடத்துக்கும் வந்தபடிதானே அனுப்பினேன்?”

டெலிபோனைச் சுற்றினேன். துறைமுகத்து லைனும் செத்திருந்தது. மறுபடி சுற்றினேன். மறுபடியும். வெளியே காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. ஹபீப் தந்தித் தாளையும் நாடாவையும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழைக்கோட்டை எடுத்தார்.

“போவாத” என்றேன். “நீ மாத்திச் சொல்லி அது தப்பாயிட்டா உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். பொம்பளப் புள்ளைய வெச்சிருக்க. யோசி.”

“எனக்குப் பயமா இருக்கு மச்சான். ரொம்ப ஜாஸ்தியா பயமா இருக்கு” என்றார். அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பேசியதில் அரை மணி நேரம் போயிருந்தது.

அதன் பிறகு நடந்ததைத் துறைமுகத்து எழுத்தர் ஒருவர் எனக்குச் சொன்னார். மீதியைக் கேட்டுக் கேட்டு ஹபீபிடமிருந்து வாங்கினேன். கெடிலத்துப் பாலத்துக்கு அடியில் வெள்ளம் இரண்டு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, கண்ணைச் சக்கரத்தின் மீதே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். நடுப்பாலத்தில் ஒருமுறை நின்று வாந்தி எடுத்தாராம். துறைமுகம் இருக்கும் முதுநகர் போய்ச் சேரும்போது ஒரு செருப்பு இல்லை.

துறைமுக அதிகாரி நிதானமான மனிதர். தந்தியை வாங்கிப் பார்த்தார்.

“க்யூ பின்னு எங்ககிட்ட எந்தக் கூண்டும் இல்லையேங்க.”

“அது பத்து சார்.”

“இதுல பத்துன்னு இல்லையே. பத்தை ஏத்தினா கப்பலைக் கடலுக்குள்ள போவச் சொல்லணும். படகு அத்தனையும் கரைக்கு வரணும். பாதிச் சரக்கு நடுக்கடல்ல நிக்குது. நாளைக்குக் கேட்டா நான் யார் பேரச் சொல்றது?”

ஹபீப் நாடாவை எடுத்துக் காட்டினார். அவர்களுக்கு அது வெறும் ஓட்டை. அப்போது அவர் மேஜைமேலிருந்த பேனாவை எடுத்து, தந்தியில் அந்த இரண்டு எழுத்துக்கும் கீழே பத்து என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினார் என்று அந்த எழுத்தர் சொன்னார்.

“என் பேரச் சொல்லுங்க சார்” என்றாராம்.

மூன்றரை மணிக்குக் கூண்டு ஏறியது. கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போனது. படகுகள் திரும்பின. மூன்று படகு வந்துவிட்டன. நான்காவது முகத்துவாரத்துக்குள் நுழையும்போது முதல் பெருங்காற்று பிடித்துக்கொண்டது. படகு மணல்திட்டில் மோதி உடைந்தது. கயிறு வீசி எல்லோரையும் இழுத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. ஹபீப் கரையில் நின்று அதைப் பார்த்தார்.

அன்று சூரியன் மறைவதற்குள் முதுநகரில் பாதிக் கூரைகள் இல்லை. மூன்றாம் நாள் லைன் வந்தபோது, நான் முதலில் அந்தத் தந்தியைத்தான் திருப்பிக் கேட்டேன். எண் சுத்தமாக அச்சானது. பத்து.

இனி நான் சொல்ல வேண்டியது. புயல் ஓய்ந்து பத்து நாளில் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். எண் சரியா தவறா என்பது அவர்கள் கேள்வியில் இல்லை. தந்தியின் வாசகத்தை ஓர் ஊழியர் கைப்பட மாற்றியிருக்கிறார், வேலை நேரத்தில் இருக்கையை விட்டுப் போயிருக்கிறார், பொறுப்பிலிருந்தவர் அனுமதித்தாரா? நான் எழுதிக் கொடுத்தேன்: ‘என் அனுமதி இல்லாமல் சென்றார். போக வேண்டாம் என்று நான் தடுத்தேன்.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் நாடாவைக் காட்டியதை நான் எழுதவில்லை. அவர் சொன்ன நியாயம் எனக்கு விளங்கியது என்பதை எழுதவில்லை. அரை மணி நேரத்தை நான் டெலிபோனிலும் பேச்சிலும் கழித்ததை எழுதவில்லை.

ஹபீபின் பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அடுத்த வருஷம் அவருக்கு வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு அவரைத் தாண்டி எனக்கு வந்தது. சிதம்பரத்தில் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதுதான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மெஹருன்னிசா டீ கொடுத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், நான் எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஆரம்பித்தேன். ஹபீப் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியும் மச்சான். படிக்கக் குடுத்தாங்க. உனக்கும் பயம், எனக்கும் பயம். நீ மேல இருக்கறவங்களப் பாத்துப் பயந்த. நான் அந்த நாடாவப் பாத்துப் பயந்தேன். பயத்துக்காக ஒருத்தன நான் எப்படிக் கோவிச்சிக்கிறது? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தக் கடேசிப் படகுதான் மச்சான். நான் பாலத்துல நின்னுட்டேன் பாரு, அது இல்லாம இருந்தா…”

பாலத்தில் அவர் நின்றது ஒரு நிமிடம். அலுவலகத்தில் நான் அவரை நிறுத்தியது அரை மணி. அதை அவர் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை.

போன வருஷம் சிதம்பரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பேராசிரியர் ஒரு சுருள் நாடாவோடு வந்தார். மழை அளவுகளை ஆராய்பவர். வெளியூரில் கம்ப்யூட்டர் என்று ஒரு கணக்குப் போடும் இயந்திரம் இருக்கிறதாம். நம் டெலிபிரிண்டர் நாடாவையே அது படிக்குமாம். இவர் அனுப்பிய நாடாவைப் பிழையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஹபீபுக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பேராசிரியர் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுருளை மடியில் வைத்து, விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஓரிடத்தில் நின்றார். ‘இனி எண்’ என்ற குறி அங்கே விடுபட்டிருந்தது. அதற்கப்புறம் பெய்த மழையெல்லாம் எழுத்தாகியிருந்தது.

பேராசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த இயந்திரம் கண் இமைக்கும் நேரத்தில் எவ்வளவு கணக்குப் போடும் என்று சொல்லிக்கொண்டே போனார். அதற்கும் உள்ளே எழுத்தே கிடையாது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்தான் என்றார். ஹபீப் கேட்டார், “அங்க ரெண்டாவது தரம் யாரு சார் படிப்பாங்க?”

“யாரும் படிக்கத் தேவையில்ல. அதுவே படிச்சிக்கும், அதுவே முடிவு பண்ணிடும்.”

“இது பிழைன்னு திருப்பி அனுப்பினது சரி. பிழையே சரி மாதிரி இருந்தா? அந்த ஆர் ஐ பி மாதிரி?”

பேராசிரியருக்கு ஆர் ஐ பி கதை தெரியாது. சிரித்தார். ஹபீப் சிரிக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு எல்லார் பேரும் ஊரும் அதுக்குள்ள எண்ணாப் போயிடும் போலிருக்கு மச்சான். போவட்டும், நல்லதுதான். ஆனா பயப்படறதுக்கு அங்க ஒரு ஆளு வேணும்” என்றார். நான் அவரை உயிரோடு பார்த்தது அன்றுதான் கடைசி.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். நம் ஆட்களில் பலர் இருந்தார்கள். கபரில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வாசலுக்கு வெளியே முதுநகர்ப் படகுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார்.

“நீங்களும் அந்த ஆபீஸாங்க?”

“ஆமாம்.”

“பத்தாம் நம்பர் ஏத்தினாரே, அன்னிக்கு நான் மூணாவது படகுல இருந்தேன். ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மழையில அவரு மட்டும்தான் ஆபீஸ்ல இருந்தாரா? கூட வர்றதுக்கு ஒருத்தரும் இல்லையா?”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அப்போது பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அந்த மனிதருக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படிக்கத் தெரிந்த யாராவது அவருக்குச் சொல்லுங்கள். நான் இருந்தேன். பொறுப்பில் இருந்தவன் நான். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியும் போகாதே என்றேன். கடைசிப் படகுக்குத் தேவைப்பட்ட நேரம் என்னிடம்தான் போயிற்று. இதையே, அவர் காட்டிய நாடாவைப் பற்றிய விவரத்தோடு, நேற்று மேலிடத்துக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். இறந்தவரின் பதிவேட்டிலிருந்து கண்டனத்தை நீக்குவார்களா என்று தெரியாது. எனக்கு என்ன வரும் என்றும் தெரியாது. தபாலில் போட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஹபீபிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பயம். வந்ததை வந்தபடி அனுப்பக் கை போகும்போது, அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லி இழுத்துப் பிடிக்கிற பயம். என் பழைய பயத்தை அவர் கபரடியில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் அது பொய். அதுவும் கூடவே இருக்கிறது. எந்தப் பயம் என்னிடம் பேசுகிறது என்று மட்டும் இப்போது எனக்குத் தெரிகிறது, மச்சான்.